மரக்கலமும் ஓலைக் குடிலும்

தென்கிழக்காசியத் தீவுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசர்களையும் கோட்டைகளையும் வாணிகக் கழகங்களின் உடன்படிக்கைகளையும் பற்றியே எழுதுகின்றனர். அத்தீவுகளினிடையே ஓடிய மரக்கலங்களில் மாந்தர் எவ்வாறு உண்டனர், உறங்கினர், பொழுதை அளந்தனர், கரையிறங்கிய பின் எத்தகைய குடிலில் ஒண்டினர் என்பனவற்றை அறிய விரும்புவோர்க்குக் கிடைக்கும் ஏடுகள் மிகச் சில. அச்சிலவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கைநூல் அறிஞர் 1869-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் பயணநூலாகும். உயிர்களின் தோற்றம் பற்றிய கொள்கைக்காகவே அந்நூலாசிரியரை உலகம் போற்றுகிறது. எனினும், கடல்வாழ்வைக் கற்க விரும்புவோர்க்கும் அந்நூல் ஒரு கருவூலமே.

வாலஸ் 1823-இல் பிறந்தவர்; செல்வம் இல்லாதவர். பறவைகளையும் வண்டுகளையும் திரட்டி இலண்டனுக்கு அனுப்பி, அவை விற்ற பணத்தில் வாழ்ந்தவர். அமேசான் ஆற்றுப்புறத்தில் நான்காண்டு உழைத்துத் திரட்டியவற்றுள் பெரும்பகுதியை 1852-இல் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியபோது இழந்தார். அதனால் மனம் தளராது 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்திறங்கினார். அன்று தொடங்கி 1862 வரை எட்டாண்டுகள், ஏறத்தாழ 14,000 மைல் தொலைவு, தீவு விட்டுத் தீவு சுற்றினார். அவர் திரட்டிய உயிரினங்களின் எண்ணிக்கை 1,25,660. சிங்கப்பூரை வருணிக்கும் பக்கங்களில் அவர் நம்மவரையும் குறிப்பிடுகிறார். சிறு வணிகரும் கடைக்காரருமான 'கிளிங்கர்' மேற்கிந்தியாவினர் என்று எழுதிச் செல்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களை மேற்குக் கரைக்கு அனுப்பிவிட்ட இப்பிழையை, வண்டின் காலில் உள்ள மயிரைக்கூட எண்ணிப் பார்த்த ஒருவர் செய்தார் என்பது வியப்பே.

அவருடைய கடற்பயணங்களுள் இரண்டினை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். ஒன்று, 1856 டிசம்பரில் செலிபிசுத் தீவின் மக்காசார்த் துறையிலிருந்து கிழக்கே ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஆரு தீவுகளுக்கு அந்நாட்டு மரக்கலத்தில் பயணியாகச் சென்றது. மற்றொன்று, 1860-இல் தாமே ஒரு சிறு படகை வாங்கி, தாமே தலைவராக நின்று செலுத்தியது. முன்னது இனிதே முடிந்தது. பின்னது எப்படி முடிந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மக்காசார் வணிகர் ஆருவுக்கு ஆண்டுக்கு ஒரு முறையே செல்வர். டிசம்பர், சனவரித் திங்களில் வீசும் மேல்காற்றோடு புறப்படுவர். சூலை, ஆகஸ்டில் கீழ்க்காற்றோடு திரும்புவர். இடைப்பட்ட ஆறு திங்களும் அங்கேதான் இருப்பு. வாலஸ் ஏறிய மரக்கலம் ஏறத்தாழ 70 டன் பாரம் தாங்குவது. சீனக் கப்பலைப் போன்ற வடிவுடையது. அதில் பாய்மரம் என்று ஒற்றைத் தூண் கிடையாது. உறுதியான மரங்களைச் சாய்த்து முக்கோணமாக நிறுத்திய அமைப்பு இரண்டு இருந்தன. பெரும்பாயைத் தாங்கிய குறுக்குமரம் ஏறத்தாழ 100 அடி நீளமுள்ளது. மரத்துண்டுகளையும் மூங்கிலையும் பிரம்பால் வரிந்து பிணைத்தது. பெரிய பாய்கள் இரண்டும் கோரைப் பாய்போல் முடைந்தவையே. சிறிய பாய்கள் மட்டும் பருத்தித் துணியால் ஆனவை. படுக்கும் பாய்க்கும் கப்பற் பாய்க்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது ஏன் என்று மாணவர் வினவினால், ஆசிரியர்கள் இம்மரக்கலத்தைச் சுட்டிக் காட்டலாம்.

சுக்கானும் இரண்டு. பின்புறத்தின் இருபக்கமும் முறுக்கிய பிரம்பு வடத்தில் தொங்கின. அவற்றின் கைப்பிடிகள் மேல்தளத்துக்கு வருவதில்லை. கப்பலின் பக்கங்களில் வெட்டிய இரு சதுரத் திறப்புகளின் வழியே உள்ளே நுழைந்தன. மூன்றடி உயரமே உள்ள தாழ்ந்த அறையில் சுக்கான் பிடிப்போர் இருவர் அமர்ந்திருந்தனர். அத்திறப்புகளோ நீர்மட்டத்துக்கு மூன்று நான்கு அடி மேலே, கதவின்றி, சரக்கறைக்குள் நேரே திறந்து கிடந்தன. பேரலை சில உட்புகுந்தால் கலம் நிறைந்துவிடும். வாலஸ் இதனைக் கண்டு முதலில் திடுக்கிட்டார். ஆனால் அக்கலத்தார் பருவம் தப்பிக் கடலில் இறங்குவதே இல்லை. அவர்களுக்குக் கதவு காற்றின் காலக்கணக்கே.

வாலசுக்கு மேல்தளத்தில் ஒரு சிறு கூரைவீடு கட்டித் தந்தனர். ஏறத்தாழ ஆறரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம், நான்கடி உயரம். பிளந்த மூங்கில் தரை. அதன்மேல் மெல்லிய பிரம்புப் பாய். நடுவில் மெத்தை, ஒரு புறம் துப்பாக்கிப் பெட்டியும் பூச்சிப் பெட்டிகளும் துணியும் நூல்களும், வாயிலருகே விளக்கும் உணவுப் பெட்டியும். வேட்டைக் கத்தியும் துப்பாக்கிகளும் கூரையில் தொங்கின. கடலில் தாம் வாழ்ந்த இடங்களுள் இதுவே மிக வசதியானது என்றும், முதல் வகுப்பு நீராவிக் கப்பலின் பொன்முலாம் பூசிய கூடத்தைவிட மேலானது என்றும் அவர் எழுதுகிறார். அதற்கு அவர் கூறும் காரணம் நயமானது: மூக்குக்கு இடர் இல்லை! வண்ணப்பூச்சு இல்லை, கீல் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மூங்கில், பிரம்பு, தென்னந்தும்புக் கயிறு, ஓலைக்கூரை ஆகியவற்றின் மணமே எங்கும் நிறைந்திருந்தது. அம்மணம் அவருக்குக் காட்டு நிழலை நினைவூட்டியது. அத்தாப்புக் கூரையின்கீழ் வாழ்ந்து பழகிய நம் முதியோர் இதனை எளிதில் உணர்வர்.

கப்பலில் இருந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மர், பல இனத்தவர், பல மொழியினர். கண்டிப்பான கட்டளைகளும் சவுக்கடியும் இல்லை. ஆயினும் சண்டை சச்சரவும் இல்லை. இத்தனை ஐரோப்பியரை இவ்வாறு கட்டின்றி விட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று வாலஸ் வெளிப்படையாகவே ஒப்புகிறார். வானம் தெளிந்த நாளில் சிலர் பாய் நிழலில் உறங்குவர்; சிலர் மூவர் நால்வராகக் கூடி வெற்றிலை மென்றவாறு பேசிக்கொண்டிருப்பர்; ஒருவன் தன் வெட்டுக்கத்திக்குப் புதுப்பிடி செதுக்குவான்; மற்றொருவன் தனக்குச் சட்டை தைப்பான். முன்புறத்தில் இருவர் மூவர் முறைவைத்துக் காவல் நிற்பர். திசைகாட்டியை ஒரு கண்ணாலும் காற்றை மறு கண்ணாலும் பார்த்துத் தலைவர் வழி சொல்வார்.

நாழிகை அளந்த முறை குறிப்பிடத்தக்கது. ஒரு வாளியில் பாதியளவு நீர். அதில் நன்றாகச் சுரண்டிய தேங்காய்ச் சிரட்டை ஒன்று மிதக்கும். சிரட்டையின் அடியில் ஊசித்துளை போன்ற சிறு துளை. அதன்வழியே நூலிழைபோல் நீர் ஏறி ஏறி, சரியாக ஒரு மணி நேரத்தில் சிரட்டை குமிழியிட்டு மூழ்கும். காவலிருப்பவன் உடனே மணியைக் கூவி அறிவித்துச் சிரட்டையை எடுத்து மீண்டும் மிதக்கவிடுவான். வாலஸ் தம் கைக்கடியாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்; ஒரு நிமிட வேறுபாடுகூட அரிதாகவே இருந்தது. கப்பலின் ஆட்டமும் அதனைப் பாதிக்கவில்லை. தமிழாசிரியர்க்கு இங்கே முல்லைப்பாட்டில் வரும் நாழிகைக் கணக்கர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அவர்கள் பாசறையில் பயன்படுத்திய நீர்க்கன்னலும் இத்தகைய கருவியே. அரசனுக்கு நாழிகை சொன்ன அதே தொழிலை ஆருக்கடலில் ஒரு தேங்காய்ச் சிரட்டை செய்தது. எங்கிருந்து எங்கே சென்றது என்ற ஆராய்ச்சியில் புகாமல், ஒப்புமையை மட்டும் குறித்து மேற்செல்வோம்.

வாலசுடன் சென்ற பணியாளர் மூவர். தலையாயவன் சரவாக்கைச் சேர்ந்த மலாய் இளைஞன் அலி. இரண்டாமவன் மக்காசார்ச் சிறுவன் பதருன். சுடுவதில் வல்லவன், சூதாட்டத்திலோ பெருவிருப்பினன். நான்கு மாதச் சம்பளத்தை முன்பணமாக வாங்கி ஓரிரு நாளில் சூதில் தோற்று, மாற்றுத் துணியோ வெற்றிலையோ புகையிலையோ கருவாடோ இன்றிக் கப்பலேறினான். அவனுக்கு வேண்டியவற்றையெல்லாம் அலியே வாங்கி வர நேர்ந்தது. மூன்றாமவன் பாசோ என்னும் சிறுவன், சமையலுக்கு அமர்த்தப்பட்டவன்.

வழியில் காய் தீவுகளில் தங்கினர். காய்த் தீவினர் படகு கட்டுவதில் பெயர் பெற்றவர். கோடரி, வாய்ச்சி, துளைக்கும் தமரூசி ஆகியவற்றைக் கொண்டே, இரும்பாணி ஒன்றும் அடியாமல், பலகையோடு பலகையை மரமுளைகளால் பொருத்திக் கலம் சமைத்தனர். பலகையில் விட்டுவைத்த முனைப்புகளில் விலாச் சட்டங்களைப் பிரம்பால் கட்டினர். முதலில் உடல், பிறகே எலும்பு! ஐரோப்பியத் தச்சர் முறைக்கு இது நேர்மாறானது. சென்னைக் கடற்கரையின் பழைய மசூலாப் படகும் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டதே. பாறையிலும் மணலிலும் மோதும்போது, ஆணியடித்த கலம் பிளக்கும். கட்டிய கலம் நெகிழ்ந்து கொடுக்கும்.

1857 சனவரி 8-ஆம் நாள் மரக்கலம் ஆருவின் தோபோ துறையை அடைந்தது. தோபோ ஒரு மணல்திட்டு. மூன்று வரிசை வீடுகளுக்கு மேல் இடங்கொள்ளாத அகலம். ஒவ்வோர் ஓலைவீடும் ஒரு கடை. கத்தி, வெட்டரிவாள், புகையிலை, கம்பீர், தட்டு, கைலி, சாராயம் ஆகியவற்றைக் கொடுத்து, கடலட்டை, முத்துச்சிப்பி, ஆமையோடு, உண்ணத்தகும் பறவைக்கூடு, சொர்க்கப் பறவை ஆகியவற்றை மாற்றிக்கொள்வர். அவ்வாண்டு மக்காசாரிலிருந்து வந்த பெரிய மரக்கலங்கள் 15. செராம், கோரம், காய் தீவுகளிலிருந்து வந்த சிறு படகுகள் நூறளவு. ஆண்டு ஏற்றுமதியை ஏறத்தாழ 18,000 பவுன் என்று வாலஸ் மதிப்பிட்டார்.

வெயில் அடித்தால் ஊரே கடலட்டையையும் துணியையும் பாயையும் உலர்த்தும். மாலையில் தெருவில் சேவற்போர். பிரம்பு முடைந்த பந்தைக் காலாலும் தொடையாலும் தட்டி நிலத்தில் விழாமல் காக்கும் ஆட்டம். நம் நாட்டில் இன்று 'செப்பாக் தக்ராவ்' என்று வலை கட்டி ஆடப்படுவதன் முன்னோடி அது. இறந்த சீனர்க்குச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கருங்கல்லில் எழுத்துப் பொறித்த நடுகற்கள் நின்றன. ஓலைவீட்டில் வாழ்ந்தோர் கல்லின்கீழ் உறங்கினர்.

தோபோவில் ஏறத்தாழ 500 பேர் கூடியிருந்தனர். சீனர், பூகிசர், செராமியர், சாவகர், ஆருத்தீவினர் எனப் பலதிறத்தினர். காவலர் இல்லை, முறைமன்றம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. எனினும் கொலையும் கொள்ளையும் ஊருக்குள் நிகழவில்லை. மிகுதியான சட்டங்களால் தம் நாடு எவ்வளவு துன்புறுகிறது என்று வாலஸ் இங்கே எண்ணிப் பார்க்கிறார். அச்சம் கடலிலிருந்தே வந்தது. கொள்ளைப் படகுகள் அருகில் வந்துவிட்டன என்ற செய்தி பரவியபோது ஊர் முழுதும் கலங்கியது.

ஆருவின் உட்பகுதியில், வனும்பாய் என்னும் ஊரில், வாலஸ் சில வாரம் தங்கினார். பூச்சிக்கடியால் கால்கள் புண்ணாகி நடக்கவியலாமற் போயிற்று. பறவைகள் வெளியே கூவ, பறவை தேடி வந்தவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார். ஊர்க்கிழவர் ஒருவர் அவருடைய நாட்டின் பெயரைக் கேட்டார். 'இங்கிலாந்து' என்னும் சொல் அவர் வாயில் நுழையவில்லை. இது ஒரு நாட்டின் பெயராக இருக்கவே முடியாது, எம்மை ஏய்க்கிறீர் என்று அவர் சினந்தார். தம்முடைய ஊரின் பெயரை யாரும் எளிதில் சொல்லலாமே என்று வாதிட்டார். மொழியியல் கற்றோர் சிரிப்பதற்குமுன் சற்றுச் சிந்திக்க வேண்டிய வாதம் இது.

சூலை 2-ஆம் நாள் கீழ்க்காற்றில் புறப்பட்டு, ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவை ஒன்பதரை நாளில் கடந்து, 11-ஆம் நாள் மாலை மக்காசார் சேர்ந்தனர். கொணர்ந்த உயிரினங்கள் 9,000-க்கு மேல். வகைகள் ஏறத்தாழ 1,600. இப்பயணத்தில் தமக்கு எவ்விதக் குறையும் நேரவில்லை என்று மனநிறைவோடு அவர் எழுதியதில் வியப்பில்லை.

இனி இரண்டாம் பயணம். 1860-இல் கோரம் தீவில், காய்த் தச்சர் கட்டிய ஒரு சிறு படகை வாலஸ் விலைக்கு வாங்கினார். உள்சட்டங்களையும் தளத்தையும் தாமே நின்று பொருத்தினார். போதிய கருவிகள் இல்லாமையால் இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் துளையிட நேர்ந்தது. ஆட்களுக்கு அவ்விடத்து வழக்கப்படி முன்பணம் கொடுத்தார். மே 27-ஆம் நாள் புறப்பட்டார். செராம் தீவை அடைந்த சில நாளில் ஆட்கள் அனைவரும் இரவோடு இரவாக ஓடிவிட்டனர்.

செராமில் அவர் கண்ட சவ்வரிசி மரத்தைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்ல இயலாது. சேலத்திலிருந்து வரும் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. இதுவோ பனையினத்து மரத்தின் சோறு. மரத்தை வெட்டி, உள்ளீட்டை இடித்து, நீரில் அலசி மாவெடுத்து, மண் அடுப்பில் அப்பங்களாகச் சுடுவர். நல்ல மரமொன்று 30 இராத்தல் எடையுள்ள 30 பொதி மாவு தரும். அதில் 1,800 அப்பம் ஆகும். ஒருவனுக்கு நாளைக்கு ஐந்து அப்பம் நிறைவான உணவு. எனவே ஒரே மரம் ஓராண்டு உணவு! ஆண் இருவர் ஐந்து நாளும் பெண் இருவர் ஐந்து நாளும் உழைத்தால் போதும். காய்ந்த அப்பம் கெடாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பதால் கடலோடிகளுக்கு இதுவே கட்டுச்சோறு. உணவு இவ்வளவு மலிவாகக் கிடைப்பதே இம்மக்களின் வறுமைக்கும் சோம்பலுக்கும் காரணம் என்று வாலஸ் முடிவு கட்டுகிறார். இம்முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அந்த அப்பத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் அவர்கள் ஆண்டுதோறும் கடல் கடந்து வாணிகம் செய்தனர் என்பதற்கு அவருடைய நூலே சான்று.

வேறு ஆட்களைத் தேடிக்கொண்டு நியூகினியை அடுத்த வைகியோத் தீவை நோக்கிச் செல்லும் வழியில், நீரும் கொடிக்கயிறும் தேடி இருவர் ஒரு குறுந்தீவில் இறங்கினர். அப்போது நங்கூரக் கயிறு அறுந்தது. நீரோட்டம் படகை இழுத்துச் சென்றுவிட்டது. அவ்விருவரையும் மீட்க வைகியோவிலிருந்து அனுப்பிய படகு முதன்முறை வெறுங்கையோடு திரும்பியது. இரண்டாம் முறையே அவர்களைக் கண்டு கொண்டுவந்தது. வெட்டுக்கத்தியைத் தவிர வேறொன்றும் இல்லாத அவர்கள், ஏறத்தாழ ஒரு மாதம் கிழங்கும் இளந்தண்டும் சிப்பியும் ஆமை முட்டையும் தின்று உயிர் காத்திருந்தனர். அதனை அவர்கள் பெரிதாகப் பேசவும் இல்லை.

வைகியோவை அடுத்த பெசிர் ஊரில் வாலசுக்குக் கிடைத்த குடில் எட்டடிச் சதுரம். கால்களின்மேல் நின்ற அதன் தரை நிலத்திலிருந்து நாலரை அடி உயரம். தரையிலிருந்து கூரை முகடு ஐந்தடி. வாலசோ ஆறடி ஓரங்குலம்! மேலே உறக்கம், கீழே மேசையிட்டு வேலை. உள்ளே செல்லவும் வெளியே வரவும் உடலை இரண்டாக மடித்துக்கொண்டு ஆறு வாரம் அங்கே வாழ்ந்து, சொர்க்கப் பறவைகளைத் திரட்டினார்.

செப்டம்பர் 29-ஆம் நாள் புறப்பட்டுத் தெர்னாத்தே சேர்ந்தது நவம்பர் 5-ஆம் நாள். 12 நாளில் முடிய வேண்டிய வழிக்கு 38 நாள் ஆயிற்று. படகு பத்து முறை பவளப்பாறையில் ஏறியது. நான்கு நங்கூரங்கள் போயின. பாய்களை எலி தின்றது. பின்னே கட்டிய சிறு தோணி காணாமற் போயிற்று. எண்ணெய் கிடைக்காமையால் இரவில் திசைகாட்டிக்கு விளக்கும் இல்லை. இரு கட்டமாகக் கடலில் கழித்த 78 நாளில் ஒரு நாளேனும் காற்று துணைநிற்கவில்லை. இவற்றையெல்லாம் ஒரு கணக்கர்போல் வாலசே எழுதிவைத்துள்ளார்.

கலம் சிறிது, பருவக்காற்று பொய்த்தது என்பவை உண்மையே. ஆயினும் அவ்வளவில் நிறுத்துவது முறையன்று. மக்காசார்க் கலத்தில் ஒவ்வொருவனுக்கும் தன் தலைவனைத் தெரியும். போகும் இடமும் திரும்பும் திங்களும் தெரியும். அக்கலத்தில் வாலஸ் ஒரு விருந்தினர். தம் சொந்தப் படகிலோ, அறியாத கடலில் அறியாத இடத்துக்கு ஆட்களை அழைத்துச் சென்ற அயலார் அவர். ஓடிப்போனவர்களை அவர் கடிந்துகொண்டாலும், ஐரோப்பியத் தலைவனின் கட்டுப்பாட்டுக்குப் பழகாமையும், தாம் எங்கே கொண்டு செல்லப்படுவோமோ என்ற அச்சமும் அவர்களை ஓட்டியிருக்கலாம் என்பதையும் மறையாமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவர் நூல் இன்றும் படிக்கத்தக்கது.

பெயர் சூட்டும் வழக்கம் மட்டும் அந்நேர்மைக்கு ஈடுகொடுக்கவில்லை. 1858-இல் பச்சான் தீவில் அதுவரை எந்த நூலிலும் இடம்பெறாத ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவன் அலி. தோளிலிருந்து நீண்ட வெண்சிறகுகள் கொடிபோல் எழும் பறவை அது. இலண்டன் அறிஞர் அதற்கு வைத்த பெயரோ வாலசின் பெயர். 1862-இல் சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தபோது வாலஸ் அலிக்குப் பணமும், தம் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டும், எஞ்சிய கருவிகளும் கொடுத்தார். அன்று அலி முதன்முறையாக ஐரோப்பிய உடை உடுத்திப் படம் பிடித்துக்கொண்டான். அவ்வுடையைவிட அவனுக்கு அவன் நாட்டு உடையே அழகாயிருந்தது என்பது வாலசின் கருத்து.

தெர்னாத்தேயில் மணம் செய்துகொண்ட அலியைப் பற்றிய மற்றொரு செய்தி 1907-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தாமசு பார்பர் என்னும் அமெரிக்க விலங்கியல் அறிஞர் அத்தீவுக்குச் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் அவரை அணுகித் தம் பெயர் அலி வாலஸ் என்று கூறினார். பார்பர் இதனை இங்கிலாந்திலிருந்த வாலசுக்கு எழுதினார். அப்போது எண்பதை நெருங்கிய, அல்லது கடந்துவிட்ட வாலஸ், கடும் மலைக்காய்ச்சலில் தம்மை அருகிருந்து பேணி உயிர் காத்தவன் அலி என்று நினைவுகூர்ந்து விடை எழுதினார். அக்கடிதத்தைத் தாம் எங்கோ தவறவிட்டுவிட்டதாகப் பார்பர் 1943-இல் வெளிவந்த தம் நூலில் வருந்தி எழுதியிருக்கிறார்.